கடல் வற்றும் நேரத்தையும் சொல்லுங்கள்: ஹேவ்லாக் குடில் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அந்தமானின் ஹேவ்லாக் தீவில், அதாவது 2018 முதல் ஸ்வராஜ் தீவு என்று அழைக்கப்படும் தீவில், குறைந்த வாடகைக் கடற்கரைக் குடில்களை நடத்தும் உரிமையாளர்களுக்கும், அவற்றைச் சென்னையிலிருந்து முன்பதிவு செய்து தரும் பயண முகவர்களுக்கும்,

வணக்கம்.

கடந்த பிப்ரவரியில் மனைவியுடனும் கல்லூரியில் படிக்கும் மகளுடனும் உங்கள் தீவில் நான்கு இரவுகள் தங்கினேன். முதல் இரண்டு இரவுகள் ஐந்தாம் எண் கடற்கரை எனப்படும் விஜயநகரில். அங்கே பொறுக்க முடியாமல் போனதால் அடுத்த இரண்டு இரவுகள் கோவிந்தநகர்ப் பக்கம். இரண்டு குடில்களின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. திரும்பும்போது படகுத்துறையில் பேசிக்கொண்டிருந்த மற்றப் பயணிகள் வேறு வேறு இடங்களில் தங்கியிருந்தும் ஏறக்குறைய இதே கதையைத்தான் சொன்னார்கள் என்பதால், ஒருவரை மட்டும் சந்திக்கு இழுப்பது நியாயமாகப் படவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். மூங்கில் தட்டியும் ஓலைக் கூரையும் ஒரு மின்விசிறியும்தான் கிடைக்கும் என்று தெரிந்தே வந்தோம். அரிசியிலிருந்து எரிவாயு உருளை வரை கப்பலில் வந்து இறங்க வேண்டிய தீவில், மழைக்காலம் போக எஞ்சிய சில மாத வருமானத்தை நம்பித் தொழில் செய்பவர்களிடம், அந்த வாடகைக்குக் குளிர்சாதன அறை கேட்க எனக்கு வாய் வராது. என் வருத்தம் வசதி குறைவாக இருந்ததைப் பற்றியது அன்று. முன்பணம் வாங்குவதற்கு முன் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் விட்டதைப் பற்றியது.

எங்களுக்கு அனுப்பப்பட்ட படத்தில், குடிலின் படியிலிருந்து பத்தடியில் பச்சை நீர் ததும்பி நின்றது. பௌர்ணமியன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு நாங்கள் போய் இறங்கியபோது அந்த இடத்தில் கடல் இல்லை. சேறும் மணலுமான தரையும், கால் வைத்தால் கீறிவிடும் செத்த பவளப் பாறைகளும் நெடுந்தொலைவு வரை தெரிந்தன. நடுவே ஒரு படகு ஒருக்களித்துக் கிடந்தது. கடல் எங்கே என்று மகள் கேட்டதற்கு, வேலைக்கிருந்த பையன் தொலைவில் தெரிந்த ஒரு வெள்ளைக் கோட்டைக் காட்டினான். அன்றிரவு பத்து மணிக்கு அதே கடல் தென்னை மரத்தடி வரை வந்து சலசலத்தது என்பதால் படத்தைப் பொய் என்றும் சொல்வதற்கில்லை. நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றும் கடல், பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் வழக்கத்தைவிட அதிகமாக ஏறி, அதிகமாகவே வற்றும் என்பதும், அந்நாட்களில் உங்கள் கிழக்குக் கரையில் பிற்பகலில் நீந்துவதை மறந்துவிட வேண்டியதுதான் என்பதும் உங்கள் ஊர்ப் படகோட்டிகள் அனைவருக்கும் தெரிந்த செய்தி. நிலவொளியில் கடல் பார்க்கலாம் என்று நாட்காட்டியில் பௌர்ணமியைத் தேடிப் பிடித்துக் கிளம்பிய எங்களைப் போன்ற திருச்சிக்காரர்களுக்குத்தான் அது தெரியாது.

குடில் வாசலில் உட்கார்ந்தபடியே சூரியன் மறைவதைப் பார்க்கலாம் என்று தொலைபேசியில் சொன்ன முகவரைப் பற்றி என்ன எழுதுவது? விஜயநகர் கிழக்கு நோக்கிய கரை. சூரியன் கடலில் மறைவதைப் பார்க்கத் தீவின் மேற்குக் கரையிலுள்ள ராதாநகருக்குத்தான் போக வேண்டும்; போய்வர ஆட்டோவுக்குக் கொடுத்தது அன்றைய அறை வாடகையில் பாதிக்கு மேல் ஆயிற்று. 2004-இல் டைம் இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று பாராட்டியதும், தூய்மையும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்கு உலக அளவில் தரப்படும் நீலக்கொடி (Blue Flag) சான்றை 2020-இல் பெற்றதும் அந்த ராதாநகர்தான். தீவின் மறு பக்கத்திலுள்ள குடிலின் விளம்பரத்தில் அதன் படத்தை ஒட்டுவது, ஸ்ரீரங்கம் கோபுரத்தின் படத்தைப் போட்டு ரயில் நிலையத்துக்கு எதிரேயுள்ள விடுதிக்கு ஆள் பிடிப்பதைப் போன்றது.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டீசலை எரித்து மின்சாரம் எடுக்கும் தீவில் அது அவ்வப்போது நின்றுபோவது உங்கள் குற்றமன்று. ஆனால் அங்கே பிப்ரவரியில் ஐந்தரை மணிவாக்கில் சூரியன் மறைந்து, ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. முதல் நாள் ஆறரைக்குப் போன விளக்கு ஒன்பதரைக்குத்தான் வந்தது. ஒரு மெழுகுவர்த்தி கேட்டதற்கு, பையன் தன் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு இருட்டில் நடந்து போனான். குழாயில் வந்த நீர் கரித்தது, சோப்பு நுரைக்கவில்லை. குடிநீரைக் கடையில்தான் வாங்க வேண்டும் என்பதும் போன பிறகே தெரிந்தது.

கொசுவலையில் எட்டு ஓட்டைகள் இருந்தன; வேறு வேலை இல்லாததால் எண்ணினேன். ஐந்தை யாரோ சிவப்பு நூலால் பொறுமையாகத் தைத்திருந்தார்கள், இரண்டைத் துணியைக் கூட்டி முடிச்சுப் போட்டிருந்தார்கள், எட்டாவதை முன்பு தங்கிய ஒரு பெண் தன் தலைமுடி ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டிவிட்டுப் போயிருந்தார். அதையெல்லாம் சிரித்துக்கொண்டே கடந்துவிட்டோம். சிரிக்க முடியாதது கொசுவர்த்தி. தாங்கி இல்லாத ஒரு சுருளைப் பலகைத் தரையிலேயே நிறுத்தி, காய்ந்த ஓலைக்கு மூன்றடி தள்ளிப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். தீயணைப்பான் எங்கே என்று கேட்டபோது அலுவலக அறையைக் காட்டினார்கள். இரவில் அந்த அறை பூட்டியிருந்தது.

இரண்டாவது இடத்தில் வலை புதிது, நீரும் நல்ல நீர். மெத்தைதான் ஈரமாக இருந்தது. மாற்றிக் கேட்டபோது, இந்த வாடகைக்கு இதுதான் என்று உரிமையாளர் சொன்ன பதில், ஈரத்தைவிட அதிக நேரம் உறுத்தியது.

உங்களிடம் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அன்று. கடல் ஏறியிருக்கும்போது எடுத்த படத்தின் அருகிலேயே வற்றியிருக்கும்போது எடுத்த படத்தையும் போடுங்கள். விருந்தினர் தங்கும் நாட்களில் கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்பதை முன்பதிவை உறுதி செய்யும் செய்தியிலேயே ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள். குழாய் நீர் உப்பா, மின்சாரம் நின்றால் மாற்று ஏற்பாடு உண்டா என்பதையும் அதிலேயே சொல்லிவிடலாம். குடிலுக்கு ஒரு மின்கல விளக்கு, கொசுவர்த்திக்கு ஒரு தகரத் தாங்கி, கை எட்டும் இடத்தில் ஒரு வாளி மணல்: இவற்றுக்கு ஆகும் மொத்தச் செலவு நாங்கள் கொடுத்த ஓரிரவு வாடகையைத் தாண்டாது. முகவர்களே, நீங்கள் நேரில் பார்க்காத குடிலைப் பற்றி, பார்த்ததில்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

எங்கள் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டாம். அந்தப் பையனுக்கு ஒரு டார்ச் வாங்கிக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து வந்து தங்கிய ஒருவன்