மெஷின் வாங்குவதற்கு முன் ஒரு வார்த்தை

கும்பகோணம்,
ஆடி மாதம்.

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சி இப்போது பிடிமானம் இல்லாமல் மாடிப்படி ஏறுகிறாள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு லேசானது. இங்கே அம்மா சௌக்கியம். அரசலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது, குறுவை நட்ட வயலெல்லாம் பச்சை கட்டி நிற்கிறது. ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் கல்யாண மேடைக்குத் தெர்மாகோல் எழுத்து வெட்டும் வேலையும் இல்லை. ஸ்குரூ ராடுக்குக் கிரீஸ் போட்டு, கம்பியை மாற்றி, மெஷினைத் துடைத்து வைக்க எங்களுக்கு ஆடியையும் மார்கழியையும் விட்டால் நேரம் ஏது? அந்த ஓய்வில்தான் இதை எழுதுகிறேன், நீளமாகவே எழுதுவேன்.

உலோகம் வார்க்கும் ஃபவுண்டரிக்குத் தெர்மாகோல் பேட்டர்ன் (வார்ப்பு மாதிரி) வெட்ட, சூடான கம்பியால் அறுக்கும் ஹாட் வயர் மெஷின் வாங்கப் போகிறாய், சாஃப்ட்வேரோடு சேர்த்து விலை சொல்கிறார்கள், டாங்கிள் என்ற சாவித் துண்டைக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் ஓடும் என்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். அட்வான்ஸ் கொடுக்காதே மாப்ளே. எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் வைகாசி முகூர்த்த நேரத்தில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. புது கம்ப்யூட்டரில் லைசென்ஸ் மாற்றித் தர விற்றவர்கள் இழுத்தடித்தார்கள். மோட்டாரும் கம்பியும் கரன்ட்டும் எல்லாம் சரியாக இருந்தும் மெஷின் சும்மா நின்றது. மெஷின் நம்முடையது, அதை ஓட்டும் உரிமை மட்டும் வேறொருவர் கையில். இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கவே இல்லை.

எங்கள் மெஷினில் ஓடுவது ஜிஆர்பிஎல் என்ற, மோட்டார்களை நகர்த்தும் சாஃப்ட்வேர். நார்வேக்காரர் சிமென் ஸ்வாலே ஸ்காக்ஸ்ருட் 2009-இல் தொடங்கி வைத்தது, பிறகு சங்கியூன் ஜியோன் என்பவர் வளர்த்தெடுத்தது. ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன போர்டில், வெறும் 2 கேபி ரேமுக்குள் உட்கார்ந்துகொண்டு மோட்டார்களை மைக்ரோ நொடிக் கணக்கில் தட்டிக்கொண்டிருக்கும். மூல நிரல் முழுவதும் திறந்து கிடக்கிறது. போர்டு எரிந்தால் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் இன்னொன்று வாங்கி, அரை மணி நேரத்தில் ஏற்றிவிடலாம். யாருக்கும் போன் போட வேண்டாம்.

கம்பியின் கணக்கைச் சொல்கிறேன், உனக்கு இது பிடிக்கும். நாங்கள் போடுவது 0.4 மி.மீ நைக்ரோம், நிக்கலும் குரோமியமும் கலந்த கம்பி. ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 9 ஓம் மின்தடை. 24 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்தால் 65 வாட் பக்கம் போகும், கம்பி சிவந்துவிடும். ஜிஆர்பிஎல்லில் ஸ்பிண்டில் (வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டார்) வேகத்துக்கென்று, கரன்ட்டைப் படுவேகமாக விட்டுவிட்டுத் தரும் ஒரு பிடபிள்யூஎம் கால் இருக்கிறது. அதை மாஸ்ஃபெட் என்ற எலக்ட்ரானிக் சுவிட்ச் வழியாகக் கம்பிக்குத் திருப்பிவிட்டோம். எம்3 எஸ்500 என்று ஜி-கோடில் (மெஷினுக்குக் கட்டளை எழுதும் மொழி) எழுதினால் பாதிச் சூடு. மரம் குடையும் ரூட்டரைச் சுழற்றுவதற்காக எழுதிய கட்டளை இங்கே கம்பியைக் காய்ச்சுகிறது. முன்பு டிம்மர் வைத்து ஓட்டியபோது, சுற்றுவட்டாரத்தில் பம்ப்செட் போட்டதும் வோல்டேஜ் இறங்கும், கம்பி ஆறும், எழுத்து பிய்ந்து வரும். வோல்டேஜைச் சீராகத் தரும் எஸ்எம்பிஎஸ்ஸும் பிடபிள்யூஎம்மும் வந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. காற்றுதான் இன்னும் பகை. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், காய்ந்த கம்பி எந்த மூலைக்கு? கிழக்கு ஜன்னலையும் மேற்கு ஜன்னலையும் சாத்திவிட்டுத்தான் ஸ்டார்ட் கொடுக்கிறோம்.

சூடு சரியா என்று பார்க்க மீட்டர் வேண்டாம். கம்பி கடந்து போன இடத்தில் சிலந்தி நூல்போல மெல்லிய இழைகள் இழுபட்டு நிற்கும், காதில் 'ஸ்ஸ்' என்று ஒரே சீராகக் கேட்கும். அதுதான் பதம். இழையே இல்லாமல் புகை மட்டும் வந்தால் சூடு அதிகம். சத்தம் விட்டுவிட்டு வந்தால் கம்பி பின்தங்கி வில்லாக வளைகிறது என்று அர்த்தம். இரண்டு முனையும் போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும், நடுக்கம்பி இன்னும் பின்னால் கிடக்கும், மூலை மழுங்கும். அதற்கு வேகத்தைக் குறைக்க வேண்டும், அல்லது மூலையில் ஜி4 போட்டு ஒரு கணம் நிறுத்த வேண்டும். ரொம்ப நேரம் நிறுத்தினால் அங்கே குழி விழும். இன்னொன்றும் மறக்காதே: காய்ந்தால் ஒரு மீட்டர் கம்பி மூன்று மி.மீட்டருக்கு மேல் நீளும். ஸ்பிரிங் போட்டு இழுத்துக் கட்டாவிட்டால் தொய்ந்துவிடும்.

இனி நான் உன்னிடம் சொல்லத் துடித்த விஷயம். கம்பியை ரூட்டர் பிட் மாதிரி தூக்க முடியாது. உள்ளே போன வழியாகத்தான் வெளியே வர வேண்டும். தமிழ் எழுத்தில் இது பெரிய சோதனை. ட, ப எல்லாம் சுலபம், வெளிவிளிம்பை ஒரு சுற்று சுற்றினால் முடிந்தது. ண, ழ, வ வந்தால் சுழிக்குள் ஓட்டை இருக்கிறது. ஓரத்திலிருந்து ஒரு கீறல் போட்டு உள்ளே நுழைந்து, ஓட்டையைச் சுற்றி, அதே கீறலில் திரும்ப வேண்டும். அந்தக் கீறல் எங்கே விழுகிறது என்பதில்தான் எழுத்தின் அழகே இருக்கிறது. வளைவு திரும்பும் அடிப்பக்கத்தில் விழுந்தால், ஃபெவிகால் தடவி ஒட்டியபின் மேடைக்கு முன்னால் நிற்பவர் கண்ணில் படாது. முகத்தில் விழுந்தால் பெயின்ட் அடித்தாலும் கோடு தெரியும்.

நாங்கள் முதலில் பார்த்த சாஃப்ட்வேர்கள் அருகில் இருக்கும் புள்ளியைப் பிடித்துக் கீறிவிடும், அது எங்கே விழுந்தாலும் அவற்றுக்குக் கவலை இல்லை. அக்கா மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறானே, அவன் உட்கார்ந்தான். எழுத்து வரைவது இங்க்ஸ்கேப் என்ற வரைகிற சாஃப்ட்வேரில். அதன் எக்ஸ்டென்ஷன்கள், அதாவது துணை நிரல்கள், பைதான் மொழியில் எழுதப்பட்டவை, யாரும் திறந்து படிக்கலாம். அவன் ஒன்றைத் திறந்து படித்து, நம் வேலைக்கு ஏற்ப ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினான். சிவப்பில் நான் ஒரு கோடு கிழித்தால் போதும், அந்த இடத்தில்தான் கம்பி நுழையும். எங்கே கீறுவது என்பதை என் கண் முடிவு செய்கிறது, மீதிக் கணக்கை ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்கிறது. பூட்டி வைத்த சாஃப்ட்வேரில் இதைக் கேட்டு யாருக்கு மனு போடுவது? கும்பகோணத்தில் ஒரு டெக்கரேஷன்காரனுக்கு ழகரத்தின் சுழியில் வந்த சங்கடம் எந்தக் கம்பெனியின் பட்டியலில் ஏறும்?

வெட்டி முடித்ததும் மிஞ்சுகிற வெளிச்சட்டத்தை வீசுவதில்லை. மேடையில் அதை நிறுத்தி, எழுத்துகளையும் புள்ளிகளையும் துணைக்கால்களையும் அதனதன் பள்ளத்தில் வைத்து ஒட்டிவிட்டுச் சட்டத்தை உருவி எடுத்தால், இடைவெளி அப்படியே கம்ப்யூட்டரில் பார்த்தபடி நிற்கும்.

போன பங்குனியில் ஒரு பள்ளிக்கூடத்துக்காகத் தஞ்சைப் பெரிய கோயில் விமானம் செய்தோம். இரண்டே அச்சு (கம்பி நகரும் திசை) உள்ள மெஷினில் பதின்மூன்று நிலையையும் வெட்டியது எப்படி என்று கேள். சதுரக் கட்டையில் விமானத்தின் பக்கவாட்டு வடிவத்தை ஒரு முறை வெட்டு. வந்த துண்டை, கழிவுத் துண்டுகளுக்கு நடுவிலேயே திரும்ப வைத்துக் கட்டினால் மறுபடி சதுரக் கட்டை ஆகிவிடும். அதை 90 பாகை திருப்பி வைத்து அதே கோப்பை மறுபடி ஓட்டு. கழிவை நாலு பக்கமும் பிரித்தால் உள்ளே நாற்புறமும் படிப்படியாக ஏறிய விமானம் நிற்கிறது. மேலே சிகரம் எட்டுப் பட்டை, அதைத் தனியாக வெட்டி வைத்தோம். பிரித்த அந்த நிமிஷம் பையன்கள் கூச்சல் போட்டார்கள், எனக்கும் உடம்பு சிலிர்த்தது.

பக்கத்தில் நெட்டி வேலை செய்யும் பெரியவர் ஒருவர் வந்து அதைத் தொட்டுப் பார்த்தார். குளத்தில் வளரும் நெட்டிச் செடியின் தண்டைக் கத்தியால் சீவி இதே கோயிலைச் செய்பவர். தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உனக்குத் தெரிந்திருக்கும். அவர் கையில் வரும் நுணுக்கம் கம்பியில் வராது, அதை நான் மனசார ஒப்புக்கொள்கிறேன். நுழைவாயிலுக்கு வைக்க இரண்டு துவாரபாலகர்களை அவரிடம்தான் வாங்கினோம்.

உன் வேலைக்கு வருகிறேன். தெர்மாகோல் பேட்டர்னை மணலில் புதைத்து, அப்படியே மேலே உலோகத்தை ஊற்றும் முறைக்கு ஷ்ராயர் என்ற அமெரிக்கர் 1958-இல் காப்புரிமை வாங்கினார். நம் சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு ஊற்றுகிறார்கள், இங்கே உலோகமே தெர்மாகோலை ஆவியாக்கி இடம் பிடிக்கிறது. பேட்டர்னை வெளியே உருவ வேண்டியதில்லை என்பதால் உருவுவதற்காக வைக்கும் டிராஃப்ட் சரிவும் தேவையில்லை. உலோகம் ஆறும்போது வரும் சுருக்கத்துக்கு விட வேண்டிய ஒரு சதவீதத்தை வரைபடத்தின் அளவைப் பெருக்கிக் கொடுத்துவிடலாம். ஆனால் கம்பி எப்போதும் நேர்க்கோடு. மெஷின் பெட், பிராக்கெட், அடித்தட்டு எல்லாம் பிரமாதமாக வரும். பம்பின் வால்யூட் (நத்தை ஓடு போன்ற உறை) மாதிரி எல்லாப் பக்கமும் வளைந்தது வராது, அதை விற்பவர்கள் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒரு பக்கம் பெரிது, மறுபக்கம் சிறிது என்று கூம்பாக வேண்டுமானால் நாலு அச்சு தேவை: கம்பியின் ஒரு முனையைத் தாங்கும் கோபுரத்துக்கு எக்ஸ், ஒய், எதிர்க் கோபுரத்துக்கு யூ, வி. சாதாரண ஜிஆர்பிஎல்லில் மூன்று அச்சுதான். ஆர்டுயினோ மெகா என்ற பெரிய போர்டில் ஓடும், அதிலிருந்து பிரிந்த கிளை ஒன்று உண்டு, அது போதும். இல்லாவிட்டால் லினக்ஸ்சிஎன்சி என்ற இன்னொரு திறந்த சாஃப்ட்வேர். அமெரிக்க அரசின் தர நிறுவனமான நிஸ்டில் தொடங்கிய வேலை, பிறகு ஆர்வலர்கள் கைக்கு வந்தது, 2011-இல் இந்தப் பெயர் பெற்றது. அதில் ஒன்பது அச்சு வரை உண்டு, தெர்மாகோல் வெட்டுக்கென்றே இரண்டு தளங்களையும் சேர்த்துக் காட்டும் திரையும் உண்டு. பேரலல் போர்ட் (முன்பு பிரிண்டர் செருகும் வாய்) உள்ள பழைய கம்ப்யூட்டர் உன் ஸ்டோரில் கிடந்தால் தூக்கிப் போடாதே, லினக்ஸ்சிஎன்சிக்கு அது உதவும். கூம்பு வெட்டும்போது சிறிய பக்கம் மெதுவாக நகரும், அங்கே அதிகம் உருகும். அந்தப் பக்கத்துக்குக் கூடுதல் இடம் விட்டு வரைய வேண்டும்.

கடைசியாக ஒன்று, இதில் விளையாட்டே கூடாது. சன்போர்டு மாதிரி பிவிசி பலகையையும், மெத்தைக்குப் போடும் ஃபோமையும் யாராவது கம்பியில் கொடுத்தால் தடுத்துவிடு. பிவிசியிலிருந்து அமில வாயு வரும், மெத்தை ஃபோமின் புகை அதைவிட விஷம். தெர்மாகோலுக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம், கம்பியின் மேல் காற்று படாதபடி மாட்டு.

ஆவணி பிறந்தால் எங்களுக்குத் தலைக்கு மேல் வேலை. அதற்குள் ஒரு ஞாயிறு கிளம்பி வா, தங்கச்சியையும் அழைத்து வா, அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். முதலில் வெட்ட நினைக்கும் பிராக்கெட்டின் டிராயிங்கை முன்கூட்டியே அனுப்பிவிடு, எத்தனை அங்குலக் கட்டை என்றும் எழுது. இங்கேயே வெட்டிப் பார்த்து, ஸ்கிரிப்டையும் செட்டிங்ஸையும் பென் டிரைவில் போட்டுத் தருகிறேன்.

இப்படிக்கு,
உன் பழைய பெஞ்சுத் தோழன்