சிவப்பு வயர் கறுப்பு முனையில்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை, இந்த முறை நிஜமாகவே இல்லை. மேசை முழுக்க ஸ்பீக்கர் பாகங்கள் பரந்து கிடந்ததில் ஒரு தாள் வைத்து எழுத இடமில்லை. முழங்கால் வலி குறைந்திருப்பதில் சந்தோஷம். மாடிப்படியை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் நம்பாதே. மகள் வேலை மாறிய சேதியை ஒரே வரியில் முடித்துவிட்டாய். அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது.

"அந்தப் பழைய பெட்டி இரண்டையும் இன்னுமா நோண்டிக்கொண்டிருக்கிறாய்?" என்று கேட்டிருந்தாய். ஆமாம்டா. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இரண்டும் ஒழுங்காகப் பாடுகின்றன. அதற்குள் நான் பட்ட பாட்டை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

வியாதி என்னவென்று முதலில் சொல்கிறேன். பாடகரின் குரல் நட்டநடுவில் நிற்காமல் வலது பக்கம் சாய்ந்துகொண்டே இருந்தது. என் காதில்தான் கோளாறு என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தேன் (நம் வயதில் அதுவும் நடக்கக்கூடியதுதான்). இடது, வலது வயர்களை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். குரல் அப்போதும் அதே பெட்டியின் பக்கமே சாய்ந்தது. அப்படியானால் ஆம்ப்ளிஃபயரைக் குற்றம் சொல்ல முடியாது. மிச்சம் காது, இல்லையென்றால் பெட்டி. இடது பெட்டியைத் திறந்தேன். உள்ளே அழுத்தப்பட்ட மரத்தூள் அட்டை ஒன்றில் கிராஸ்ஓவர், அதாவது கனத்த ஒலியைப் பெரிய ஸ்பீக்கரான வூஃபருக்கும் கீச்சு ஒலியைச் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் சுற்று: இரண்டு காயில், மூன்று கண்டன்சர், இரண்டு ரெசிஸ்டர். எல்லாவற்றையும் பசை போட்டு ஒட்டி, கால்களை ஒன்றோடொன்று முறுக்கி சால்டர் வைத்திருந்தார்கள். பசை காய்ந்து பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு காயில் தன் கம்பியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

கண்டன்சர்களைக் கழற்றி மீட்டரில் வைத்தேன். மூன்றுமே எலக்ட்ரோலிட்டிக், முனை பேதமில்லாத ரகம். ட்வீட்டருக்குப் போகும் வழியில் இருந்ததில் 4 மைக்ரோஃபாராட் என்று அச்சிட்டிருந்தது. ஒரு பெட்டியில் அது 4.6 காட்டியது, மற்றதில் 5.7. பழசானால் மதிப்பு குறையும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்த ரகம் பெரும்பாலும் ஏறித்தான் நிற்கும். கூடவே உள் தடையும் ஏறிவிடும். இடது பெட்டியில் அது 2 ஓமுக்கு மேலே போயிருந்தது. ட்வீட்டருக்குப் போக வேண்டிய சக்தியில் ஒரு பங்கு வழியிலேயே சூடாகக் கரைந்துகொண்டிருந்தது. குரல் ஏன் வலது பக்கம் சாய்ந்தது என்பதற்கு இதுதான் விடை.

மூன்று கண்டன்சரை மாற்றினால் போதுமே, எதற்குச் செம்புத் தடம் அச்சிட்ட புது போர்டு என்று நீ கேட்பாய். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பிளாஸ்டிக் படலத்தால் ஆன நல்ல ஃபிலிம் கண்டன்சர் வாங்கிவந்து பார்த்தால், பழையதன் இடத்தில் அதன் கால்வாசிகூட உட்காரவில்லை. அட்டையோ விரல் பட்டாலே உதிர்கிறது. சரி, புதிதாக ஒரு போர்டு வரைந்துவிடலாம் என்று கிகாட் மென்பொருளைத் திறந்தேன். ஆசை அங்கேதான் பிடித்துக்கொண்டது.

காயில்களை மட்டும் மாற்றாமல் பழையதையே வைத்துக்கொண்டேன். செம்புக் கம்பிச் சுருளுக்கு அவ்வளவு லேசில் வயதாகாது. வூஃபருக்குப் போகும் காயில் இரும்பு உள்ளகம் வைத்தது, 1.5 மில்லிஹென்றி, கம்பியின் தடை 0.35 ஓம். அதே மில்லிஹென்றியில் உள்ளகம் இல்லாத காற்றுக் காயில் ஒன்று கையில் இருந்தது. "இரும்பு இல்லாததுதான் சுத்தமான ஒலி" என்று பலர் சொல்லக் கேட்டு வாங்கியது. அதன் தடை 0.9 ஓம். அதைப் போட்டால் வூஃபரின் சத்தம் முக்கால் டெசிபல் போல இறங்கும், பாஸும் கொஞ்சம் கட்டுத் தளரும். பெட்டியை வடிவமைத்தவர் அந்த 0.35-ஐயும் கணக்கில் சேர்த்துத்தான் மற்ற மதிப்புகளை வைத்திருப்பார். அவர் போட்ட கணக்கை நான் எதற்குக் கலைக்க வேண்டும்?

ஃபிலிம் கண்டன்சரிலும் இதே சிக்கல் வரும். புத்தம்புது எலக்ட்ரோலிட்டிக்குக்கும் கொஞ்சம் உள் தடை உண்டு. ஃபிலிமுக்கு அது இல்லவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். அப்படியே மாற்றினால் ட்வீட்டர் கொஞ்சம் துருத்திக்கொண்டு கேட்கும். அதைக் கேட்டுவிட்டு "ஆஹா, திரை விலகிய மாதிரி இருக்கிறது" என்று மகிழ்ந்துபோகிறவர்கள் நிறைய. நான் 0.4 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் போட்டுத் துருத்தலை அடக்கினேன். போர்டில் அதற்கென்று தனி இடமே வைத்திருக்கிறேன். வேண்டாம் என்றால் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடலாம்.

போர்டு வரைவதில் எனக்கு மிகவும் பிடித்தது காயில்களுக்கு இடம் பார்ப்பதுதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்தால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதற்குள் புகுந்து, வூஃபருக்கான சிக்னல் திருட்டுத்தனமாக ட்வீட்டர் பக்கம் எட்டிப்பார்க்கும். அதனால் ஒன்றைப் படுக்க வைத்து மற்றதை நிமிர்த்தி வைக்க வேண்டும். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்டா. ஒரு காயிலுக்கு ஆயிரம் ஹெர்ட்ஸ் கொடுத்து, மற்றதன் முனைகளில் வோல்ட் மீட்டரை வைத்து, கையால் மெதுவாகத் திருப்பிக்கொண்டே வா. முள் இறங்கி இறங்கி, ஓரிடத்தில் அடங்கி, அப்புறம் மறுபடி ஏறும். அந்த அடங்கிய இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டேன். சின்ன வயதில் டிரான்சிஸ்டர் ரேடியோவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பி ஸ்டேஷன் தேடுவோமே, அதே விளையாட்டு.

செம்புத் தடங்களைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். கணக்கு சுலபம். 35 மைக்ரான் தடிமனுள்ள செம்பில், நீளமும் அகலமும் சமமான ஒவ்வொரு சதுரத்துக்கும் ஏறக்குறைய அரை மில்லிஓம். 4 மில்லிமீட்டர் அகலத்தில் 12 சென்டிமீட்டர் ஓடினால் 30 சதுரம், மொத்தம் 15 மில்லிஓம். 350 மில்லிஓம் காயிலுக்குப் பக்கத்தில் இது தூசி. ஆனாலும் நான் மெல்லிய தடமாக இழுக்காமல் அகலமான பட்டைகளாகவே விட்டேன், இடம் சும்மாதானே கிடக்கிறது. வூஃபரும் ட்வீட்டரும் திரும்பி வரும் கிரவுண்ட் வழிகளை மட்டும் தனித்தனியாகக் கொண்டுவந்து உள்ளீட்டு முனையில் சேர்த்தேன். அதில் விட்டுக்கொடுக்கவில்லை.

முதல் போர்டு அச்சாகி வந்தது. குறைந்தது ஐந்தாகத்தான் தருவார்களாம், ஐந்து வந்தன. பழைய திருகு ஓட்டைகளிலேயே கச்சிதமாகப் பொருந்தியது. பெட்டி மரத்தில் ஒரு புது ஓட்டைகூடப் போடக் கூடாது என்று எனக்கு ஒரு வைராக்கியம். பெருமையோடு வூஃபரை வைத்துத் திருகினேன். இறங்க மறுத்தது. நிமிர்ந்து நின்ற காயிலின் தலையில் வூஃபரின் காந்தம் இடிக்கிறது! திரையில் தட்டையாகவே பார்த்துப் பார்த்து, உயரம் என்று ஒன்று இருப்பதையே மறந்திருக்கிறேன். இரும்பு உள்ளகக் காயிலைத் தவறிப்போய் அங்கே நிமிர்த்தியிருந்தால் அந்தக் காந்தம் அதன் மதிப்பையே மாற்றியிருக்கும். அந்த வகையில் தப்பித்தேன்.

இரண்டாவது போர்டில் காயிலை ஓரத்துக்குத் தள்ளினேன். கனமான பாகங்கள் அதிர்ந்து அதிர்ந்து சால்டர் விட்டுவிடும் என்பதால், நைலான் பட்டை கோத்துக் கட்ட ஒவ்வொன்றுக்கும் இரண்டு துளை. காயிலுக்கு அருகில் பித்தளைத் திருகு. எல்லாம் சரி. பாட்டுப் போட்டேன். குரல் அழகாக நடுவில் நின்றது, ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. உயிரே இல்லை.

இரண்டு வாரம் தேடினேன். கண்டன்சரைச் சந்தேகப்பட்டேன், அந்த 0.4 ஓமைச் சந்தேகப்பட்டேன், ட்வீட்டரே போய்விட்டதோ என்றும் பயந்தேன். கடைசியில் மைக்கை வைத்து அளந்தால், 2,500 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பெரிய பள்ளம். அப்போதுதான் பொறி தட்டியது. பழைய பெட்டியில் ட்வீட்டரின் சிவப்பு முனைக்குக் கறுப்பு வயர் போயிருந்தது, கறுப்பு முனைக்குச் சிவப்பு. தொழிற்சாலையில் யாரோ மாற்றி சால்டர் வைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டி, புது போர்டில் நான் அதைப் பெரிய மனது பண்ணித் "திருத்தி" வைத்திருந்தேன்!

உனக்கு இந்நேரம் சிரிப்பு வந்திருக்கும். இது இரண்டாம் படி வடிகட்டி, வூஃபர் வழியிலும் ட்வீட்டர் வழியிலும் ஒரு காயிலும் ஒரு கண்டன்சரும் சேர்ந்தது. ஒலி இரண்டாகப் பிரியும் இடத்தில் ஒரு பக்கம் அலை 90 டிகிரி முந்தும், மறுபக்கம் 90 டிகிரி பிந்தும். மொத்தம் 180, அதாவது நேர் எதிர். நேராக இணைத்தால் வூஃபர் வெளியே தள்ளும்போது ட்வீட்டர் உள்ளே இழுக்கும், இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். வடிவமைத்தவர் தெரிந்தேதான் ட்வீட்டரைத் தலைகீழாக இணைத்திருக்கிறார். இரண்டு வயரையும் மாற்றினேன், பள்ளம் நிரம்பியது, பாடகர் கிணற்றிலிருந்து ஏறி வந்துவிட்டார்.

வயரை மாற்றியதோடு வேலை முடிந்ததுதான். ஆனால் போர்டில் ஒன்று எழுதியிருக்க, இணைப்பு வேறாக இருந்தது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. நாளைக்கு என்னைப் போல இன்னொரு புத்திசாலி திறந்து பார்ப்பான் அல்லவா? அதனால் மூன்றாவதாக ஒரு போர்டு. ட்வீட்டர் முனைக்குப் பக்கத்தில் வெள்ளை எழுத்தில், தமிழில், "தலைகீழ்தான் சரி. திருத்தாதீர்கள்." எழுத்துகளைப் படமாக்கித்தான் சேர்க்க முடிந்தது. ஆக, மொத்தம் 15 போர்டு வந்து இரண்டு மட்டும் பெட்டிக்குள் இருக்கின்றன. மிச்சத்தில் ஒன்று இப்போது கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கிறது.

அப்புறம், உன் மூன்று வழிப் பெட்டிக்கும் (வூஃபர், ட்வீட்டர், நடுவில் இன்னொன்று) ஒரு போர்டு வரைந்து தரச் சொல்லியிருந்தாய். தருகிறேன். "பாகங்களைக் கூட்டி இன்னும் நன்றாக்கு" என்று மட்டும் கேட்காதே. 1970-இல் வந்த ஜே.பி.எல். எல்-100 ஸ்பீக்கரின் வூஃபருக்குக் காயிலே கிடையாது, நேராக ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்திருந்தார்கள். அதே பத்தாண்டில் பி.பி.சி. தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக உருவாக்கிய எல்.எஸ்.3/5ஏ ஒரு சின்னப் பெட்டி, அதன் கிராஸ்ஓவரிலோ அடைத்துக்கொண்டு பாகங்கள். இரண்டையும் கொண்டாட இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். உன்னுடையதில் 100 மைக்ரோஃபாராட் போலப் பெரிய கண்டன்சர் இருந்தால் அதற்கு ஃபிலிம் வேண்டாம், பெட்டியில் காற்றுக்கு இடமிருக்காது. புது எலக்ட்ரோலிட்டிக்கே போதும்.

ஒரு வயரையும் கழற்றாதே. முதலில் இரண்டு பெட்டியையும் திறந்து, எந்த நிற வயர் எந்த முனையில் என்று தெரிகிற மாதிரி பக்கத்திலிருந்து படம் எடு. போர்டு இருக்கும் இடத்திலிருந்து வூஃபர் காந்தத்துக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து எழுது. அந்த அளவு கைக்கு வரும்வரை நான் கணினியைத் திறக்கப்போவதில்லை.

அன்புடன்,
உன் பழைய ரேடியோ கூட்டாளி