எட்டாவது ஆண்டில் எந்த மின்கார் ஓடும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

புதிய மின்கார் நிறுவனங்களையும் பாரம்பரிய சொகுசுக் கார் நிறுவனங்களையும் ஒப்பிட்டுத் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். நூறு கிலோமீட்டர் வேகத்தை எட்டும் நேரம், ஒரு சார்ஜில் போகும் தூரம், திரையின் அளவு, இருக்கையின் தோல் ஆகிய நான்கை வைத்து, டெஸ்லாவுக்கும் லூசிட்டுக்கும் புதுமை, மெர்சிடிஸுக்கும் போர்ஷேவுக்கும் நயம் என்று கட்டுரை தீர்ப்புச் சொல்லிவிட்டது. இந்த நான்கும் ஷோரூமிலேயே தெரிந்துவிடும். இரு தரப்பும் உண்மையில் பிரிவது வயரிங்கிலும் மென்பொருளிலும். அதன் விளைவு வாங்கிய மூன்றாம், நான்காம் ஆண்டில்தான் வெளியே வரும். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பழைய நிறுவனங்கள் காரைக் கட்டும் முறையைப் பாருங்கள். பிரேக் ஒரு சப்ளையரிடமிருந்து வரும், ஏசி இன்னொருவரிடமிருந்து, கதவு பூட்டு மூன்றாமவரிடமிருந்து. ஒவ்வொருவரும் தம் பாகத்துடன் ஒரு சிறு கணினியையும், அதில் ஓடும் நிரலையும் சேர்த்தே அனுப்புவார்கள். கார் நிறுவனம் இவற்றையெல்லாம் கம்பியால் கோத்து இணைக்கிறது. உயர்ரகக் காரில் இப்படிப்பட்ட கணினிகள் நூறை நெருங்கும். ஒன்றில் பிழை வந்தால் திருத்த வேண்டியவர் சப்ளையர். திருத்தியபின் மற்றவற்றோடு ஒத்துப்போகிறதா என்று மறுபடி முழுக்கச் சோதிக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் மென்பொருள் பிரிவான காரியாட் தடுமாறியதால் அதே குழுமத்தைச் சேர்ந்த போர்ஷேவின் மின்சார மக்கான் கார் தாமதமானது இப்படித்தான். புதிய நிறுவனங்கள் சில பெரிய கணினிகளை வைத்து, நிரலைத் தாங்களே எழுதுகின்றன. அமெரிக்காவின் புதிய மின்கார் நிறுவனமான ரிவியன் 2024இல் தன் ஆர்1 வண்டிகளில் கணினிகளை 17இலிருந்து 7 ஆகக் குறைத்தது. ஒரு வண்டியில் சுமார் 2.6 கிலோமீட்டர் வயர் மிச்சமானது. அதே ஆண்டு அந்தக் கட்டமைப்பைப் பெறுவதற்காக ஃபோக்ஸ்வாகன் ரிவியனுடன் கூட்டு நிறுவனம் தொடங்கி 580 கோடி டாலர் வரை தர ஒப்புக்கொண்டது. பாரம்பரியத் தரப்பே இந்த இடத்தில் பின்தங்கியிருப்பதை ஒப்புக்கொண்டுவிட்டது என்றுதான் இதைப் படிக்க வேண்டும்.

இதன் பலன் என்ன என்பதற்கு டெஸ்லா மாடல் 3 நல்ல சான்று. மே 2018இல் அமெரிக்காவின் நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் சோதித்தபோது, மணிக்கு 60 மைல் வேகத்தில் பிரேக் பிடித்த கார் நிற்க 152 அடி எடுத்தது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் நிரலை டெஸ்லா திருத்தி இணையம் வழியே அனுப்பியது. சில நாள்களில் அதே கார் 133 அடியில் நின்றது. ஒரு திருகைக்கூட யாரும் தொடவில்லை. அன்று பெரும்பாலான மற்ற நிறுவனங்கள் காரை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கும். ஆனால் இன்னொரு கேள்வியும் எழுகிறதல்லவா? 152 அடி நிலையில் அந்தக் கார் விற்பனைக்கு வந்தது எப்படி? பழைய நிறுவனங்களின் சோதனை ஓட்டத்தில் அது விற்பனைக்கு முன்பே பிடிபட்டிருக்க வாய்ப்பு அதிகம். பின்னால் திருத்திக்கொள்ளலாம் என்ற வசதியே முன்னால் கவனக்குறைவுக்கு இடம் கொடுக்கிறது.

திருத்த முடியாத பிழைகளும் உண்டு. டெஸ்லாவின் பழைய மாடல் எஸ், எக்ஸ் கார்களின் திரைக் கணினியில் 8 ஜிபி ஃப்ளாஷ் நினைவகம் இருந்தது. ஃப்ளாஷில் எழுதி அழிக்கும் தடவைகளுக்கு ஒரு வரம்பு உண்டு. கார் தன் இயக்கம் பற்றிய பதிவேடுகளை ஓயாமல் எழுதி எழுதி, ஐந்தாறு ஆண்டுகளில் அந்த வரம்பைத் தொட்டுவிட்டது. திரை செத்தது, பின்புறக் கேமராவும் கண்ணாடிப் பனி நீக்கும் கட்டுப்பாடும் கூடவே போயின. 2021இல் சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. எல்லாவற்றையும் ஒரே கணினியில் குவித்தால், அது விழும்போது எல்லாமே விழும்.

இந்தக் கட்டமைப்பு எழுப்பும் பெரிய கவலை நிறுவனம் மூடப்படுவது. அமெரிக்க மின்கார் நிறுவனமான ஃபிஸ்கர் ஜூன் 2024இல் திவாலானது. அதன் ஓஷன் காரைக் கட்டியது ஆஸ்திரியாவின் கிராட்ஸில் உள்ள மேக்னா ஆலை. மெர்சிடிஸ் ஜி-கிளாஸும் ஜாகுவார் ஐ-பேஸும் அங்கேதான் உருவாயின. ஆக, கோளாறு கட்டுமானத்தில் இல்லை. திவாலுக்குப் பிறகு உரிமையாளர்கள் சங்கம் அமைத்து, உதிரிபாகமும் மென்பொருளும் தாங்களே தேட வேண்டியதாயிற்று. பெட்ரோல் கார் நிறுவனம் மூடினாலும் மெக்கானிக்குகள் காரை ஓட வைத்துவிடுவார்கள். சர்வரோடு பேசினால்தான் திருத்தம் வரும் என்ற காருக்கு அந்த வழியில்லை. வாங்கும்முன் கேளுங்கள்: இணையம் இல்லாமல் கதவு திறக்குமா? கார் ஸ்டார்ட் ஆகுமா? சார்ஜ் ஏறுமா? சோதனை ஓட்டத்தின்போது சிக்னல் கிடைக்காத தரையடி வாகன நிறுத்தத்தில் காரை நிறுத்தி, கைபேசி ஆப்பை மூடி, கார்டு சாவியால் மட்டும் திறந்து ஓட்டிப் பாருங்கள்.

பேட்டரியைப் பழுதுபார்ப்பதில் பழையவர்களின் கை ஓங்கியிருக்கிறது. ஜெர்மனியின் ஆடி நிறுவனம் முதலில் விற்ற இ-ட்ரான் காரின் 95 யூனிட் பேட்டரியில் மாட்யூல்கள் எனப்படும் 36 செல் தொகுப்புகள், ஒவ்வொன்றிலும் 12 செல்கள். ஒரு மாட்யூல் கெட்டால் அதை மட்டும் கழற்றி, புதியதன் வோல்டேஜை மற்றவற்றோடு சமப்படுத்திப் பொருத்தலாம். டெஸ்லா 4680 என்ற உருளை வடிவ செல்களைக் கொண்டு கட்டிய சில மாடல் ஒய் கார்களிலோ செல்களுக்கிடையே நுரைப்பசை ஊற்றி இறுக்கிவிட்டார்கள். பேட்டரிப் பெட்டியின் மேல்மூடிதான் காரின் தரை, இருக்கையும் அதன்மேல்தான். எடை குறைகிறது, கட்டுமானம் உறுதியாகிறது. ஆனால் உள்ளே ஒரு செல் கெட்டால் பெட்டியோடு மாற்றுவதைத் தவிர வழி இல்லை. பெரும்பாலான நிறுவனங்கள் தரும் 8 ஆண்டு, 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி இருக்கும்வரை இது உங்கள் தலைவலி இல்லை. செகண்ட் ஹேண்டில் வாங்குபவரின் தலைவலி.

சார்ஜ் வேகத்தில் கட்டுரை உச்ச எண்ணை மட்டும் போட்டிருந்தது. 250 கிலோவாட் என்று சொல்லும் மாடல் 3 அந்த வேகத்தை பேட்டரி ஏறக்குறைய காலியாக இருக்கும்போது மட்டுமே காட்டும்; பிறகு படிப்படியாக இறங்கும். 150 கிலோவாட் மட்டுமே எடுக்கும் இ-ட்ரான், அந்த வேகத்தை 70 சதவீதம் தாண்டியும் பிடித்து நிற்கும். ஒரு காரணம், ஆடி 95 யூனிட்டில் சுமார் 84 யூனிட்டை மட்டும் ஓட்டத்துக்கு விட்டுவிட்டு மீதியை ஒதுக்கி வைத்தது. 2019இல் வந்த போர்ஷே டைக்கான் 800 வோல்ட்; மற்ற பல மின்கார்கள் 400 வோல்ட். இரட்டிப்பு வோல்டேஜில் அதே கிலோவாட்டுக்குப் பாதி ஆம்பியர் போதும். கேபிள் சூடாவது நான்கில் ஒரு பங்காகும். ஆனால் 400 வோல்ட் சார்ஜரில் செருகினால் அந்தத் தொடக்ககால டைக்கான் 50 கிலோவாட்டைத் தாண்டாது. 150 வேண்டுமென்றால் வாங்கும்போதே அதற்கான கூடுதல் பாகத்தைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். பழைய டைக்கான் வாங்குவோர் இதை முதலில் பாருங்கள்.

இன்னொன்று, சின்ன பேட்டரி. எத்தனை பெரிய மின்காரானாலும் அதன் முக்கிய பேட்டரியைச் சுற்றோடு இணைக்கும் கான்டாக்டர்கள் என்ற மின் சுவிட்சுகள் மூடிக்கொள்ள, பெரும்பாலும் 12 வோல்ட் தரும் ஒரு சின்ன பேட்டரி வேண்டும். அந்தச் சின்ன பேட்டரி செத்தால் 90 யூனிட் நிறைந்திருந்தும் கார் நகராது. மின் கைப்பிடி கொண்ட கதவுகள் பலவும் வெளியிலிருந்து திறக்காது. ஆகவே ஒவ்வொரு கதவுக்கும் உள்ளே கைமுறைத் திறப்பு எங்கே என்று விற்பனையாளரைக் காட்டச் சொல்லுங்கள். சில மாடல் ஒய் கார்களின் பின்கதவில், கதவுப் பையின் அடி விரிப்பைத் தூக்கி, சிறு மூடியைக் கழற்றி, உள்ளே உள்ள கேபிளை இழுக்க வேண்டும். புகை சூழ்ந்த காருக்குள் பின்சீட்டில் இருக்கும் ஒரு குழந்தையால் இதைச் செய்ய முடியுமா? பாதுகாப்புக்குப் பெயர் வாங்கிய எந்த நிறுவனமும், பழையதோ புதியதோ, இப்படி ஒரு கதவை வைக்கக் கூடாது.

தாங்கள் அடுத்த ஒப்பீட்டை வெளியிடும்போது ஒரே ஒரு அட்டவணையைச் சேர்க்க வேண்டுகிறேன். காரை 10 சதவீதத்துக்கு இறக்கி, நேவிகேஷனில் சார்ஜரையே இலக்காக வைத்து ஓட்டிச் சென்று பேட்டரியைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். செருகியபின் 10, 20, 30 என்று 80 வரை ஒவ்வொரு படியிலும் எத்தனை கிலோவாட் ஏறுகிறது, எத்தனை நிமிடம் ஆனது என்று குறியுங்கள். பக்கத்திலேயே, ஒரு மாட்யூலை மட்டும் மாற்ற முடியுமா, மென்பொருள் ஆதரவு எத்தனை ஆண்டுகளுக்கு எழுத்தில் தரப்படுகிறது என்ற இரண்டு கட்டங்கள். எழுத்தில் தர மறுக்கும் நிறுவனத்தின் கட்டத்தைக் காலியாகவே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்