அண்ணி பார்த்த பத்து நிமிடம்

அன்பு நண்பா,

பேத்தியின் காதுகுத்து அழைப்பு வந்தது. கட்டாயம் வருகிறேன். அதோடு, "அண்ணனின் மூளை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ஒன்றுமே இல்லையாம், நீதான் வீணாகப் பதறிவிட்டாய்" என்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். அண்ணனுக்குக் கையும் பேச்சும் சற்று நேரம் போய்த் திரும்பிய அன்று போனில் விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. அண்ணனைக் காரில் ஏற்று என்று மட்டும் சொன்னேன்.

படத்தில் ஒன்றும் இல்லை என்றால், அன்று நடந்ததும் ஒன்றுமில்லை என்று ஆகாது. மூளைக்குப் போகும் ரத்தம் சிறிது நேரம் தடைபட்டு, சேதம் ஆவதற்குள் வழி திறந்துவிட்டால் அதுதான் டி.ஐ.ஏ. முன்பெல்லாம் 24 மணி நேரத்துக்குள் சரியானால் டி.ஐ.ஏ. என்போம். 2009இல் அமெரிக்க நிபுணர்கள் நேரக் கணக்கை விட்டுவிட்டு, மூளைத் திசு செத்திருக்கிறதா என்பதையே அளவுகோலாக்கினார்கள். பழைய கணக்கில் டி.ஐ.ஏ. என்று வருகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு எம்.ஆர்.ஐ.யில் திசு செத்த புள்ளி தெரியும். அண்ணனுக்குத் தெரியவில்லை. அவருடைய அதிர்ஷ்டம் அது.

உண்மையில் நோயைக் கண்டுபிடித்தது அண்ணிதான். ஏழேகால் ரேடியோச் செய்தி தொடங்கும்போது காபி டம்ளர் அண்ணனின் வலது கையிலிருந்து சரிந்தது, பேச்சும் போனது, செய்தி முடிவதற்குள் பேச்சு திரும்பிவிட்டது என்றார். வலது கையும் பேச்சும் ஒன்றாகப் போனால் இடது மூளை. திடீரென்று வந்ததா, ஊர்ந்து ஊர்ந்து பரவியதா என்று கேட்டேன். ஒற்றைத் தலைவலியில் மெல்லத்தான் பரவும். கை வெட்டி வெட்டி இழுத்ததா என்றும் கேட்டேன், அது வலிப்பாக இருக்கலாம் என்பதால். சுகர் இறங்கினாலும் இதே வேஷம் போடும், அதனால்தான் முதலில் விரலில் குத்திப் பார்க்கச் சொன்னேன்.

டி.ஐ.ஏ. வந்தவருக்குச் சீக்கிரமே பக்கவாதம் வருமா என்று கணிக்க, வயது, பிரஷர், சுகர், பலவீனம், எத்தனை நிமிடம் என்று 7 மதிப்பெண்ணுக்கு ஒரு கணக்கு உண்டு. நானும் பல வருஷம் போட்டேன். அதை வைத்து யாருக்கு அவசரம் என்று தீர்மானிக்காதீர்கள் என்று பிரிட்டன் வழிகாட்டி 2019இல் சொல்லிவிட்டது. எனக்கு அது சரியென்றே படுகிறது.

காரணம் சொல்கிறேன். தொழில் தொடங்கிய புதிதில் ஓர் அம்மா வந்தார். காலையில் நாக்கு குழறியதாம், வரும்போது நன்றாகப் பேசினார். சத்து மாத்திரை எழுதி அனுப்பினேன். மூன்றாம் நாள் ஒரு பக்கம் முழுக்க விழுந்து, கட்டிலோடு தூக்கிவந்தார்கள். அந்த முகம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. 2007இல் ஆக்ஸ்ஃபோர்டில் ராத்வெல் குழு வெளியிட்ட ஆய்வைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே இல்லை. இப்படிப்பட்டவர்களில் 90 நாளுக்குள் மறுபடி பக்கவாதம் வந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். உடனே பார்த்து மருந்து தொடங்கியதும் அது இரண்டானது. புது மருந்து எதுவும் இல்லை, இருந்ததையே சீக்கிரம் கொடுத்தார்கள்.

அண்ணனுக்குக் கழுத்து ரத்தக்குழாயைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் சுத்தம். இ.சி.ஜி.யில்தான் பிடிபட்டது. இதயத்தின் மேலறை சீராகத் துடிக்காமல் நடுங்குகிறது, அங்கே ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போயிருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க அவர்கள் கொடுத்த மாத்திரையை, உடம்பு நன்றாக இருக்கிறது என்று அவராக நிறுத்திவிடக் கூடாது. பல் பிடுங்கப் போனாலும் முதலில் எனக்குப் போன் பண்ணச் சொல். மறுபடி முகம் கோணினாலோ கை தளர்ந்தாலோ, சரியாகிறதா என்று காத்திருக்காதே. மணியைப் பார்த்துக்கொண்டு 108ஐக் கூப்பிடு.

காதுகுத்துக்கு முதல் நாளே வந்துவிடுகிறேன். வந்ததும் அண்ணனின் நாடியைப் பிடித்துப் பார்க்க வேண்டும். அண்ணியின் கையால் ஒரு காபியும் வேண்டும்.

உன்
பழைய அறைத்தோழன்