ஒரே நாரி வலிக்கு மூன்று பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

புறக்கோட்டையில் துணி மொத்த வியாபாரக் கடையொன்றில் 22 வருடமாக வேலை செய்கிறேன். பெப்ரவரியில் துணிச்சுருள் ஒன்றைத் தூக்கி நிமிரும்போது நாரி, அதாவது கீழ்முதுகு, பிடித்துக்கொண்டது. மூன்று மாதத்துக்குள் மூன்று டொக்டர்மாரிடம் போனேன். முதலாமவர் தசைப்பிடிப்பு என்றார். அடுத்தவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு எலும்புத் தேய்மானம் என்றார். மூன்றாமவர் எம்.ஆர்.ஐ. எடுப்பித்து, முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கிவிட்டது, இனிப் பாரமே தூக்கக்கூடாது என்று எழுதித் தந்தார். வலி அன்றும் இன்றும் ஒரே இடத்தில்தான். மூவரில் ஒருவரும் என்னைக் கட்டிலில் ஏறச் சொல்லவில்லை.

அதன்பிறகு செருப்பு மாட்டக் குனியவும் பயம். வெள்ளவத்தைக்குத் திரும்பும் 100ஆம் இலக்க பஸ் பள்ளத்தில் இறங்கினால் நெஞ்சு பதறும்.

கடைசியில் அரசாங்க வைத்தியசாலை ஒன்றின் வெளிநோயாளர் பிரிவில், ஓர் இளம் பெண் டொக்டர் மல்லாக்கப் படுக்கச் சொல்லி, முழங்கால் மடங்காமல் ஒவ்வொரு காலாக உயர்த்தினார். வலி முழங்காலுக்குக் கீழே ஓடுதா என்று கேட்டார். கால் பெருவிரலை அமத்திப் பிடித்து, "மேல தள்ளுங்கோ" என்றார். சிறுநீர் அடைப்பு, தொடையிடுக்கில் விறைப்பு, காய்ச்சல், உடல் மெலிவு எதுவும் உண்டா என்று விசாரித்தார். பத்து நிமிடம்தான். "ஆபத்தா ஒண்டும் இல்லை ஐயா. ஆனா இன்ன இடத்திலதான் பிழை எண்டு அடிச்சுச் சொல்ல ஏலாது. முக்கால்வாசிப் பேரின்ர நாரி வலி இப்பிடித்தான். படுத்துக் கிடக்காம நடவுங்கோ" என்றார். நாலு பேரில் அவரை மட்டும்தான் நான் முழுதாக நம்பினேன்.

மருத்துவ பீடத்தில் படிக்கும் தங்கையின் மகளிடம் கேட்டேன். 1994இல் அமெரிக்காவில், நாரி வலியே இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்களாம், பாதிக்கு மேற்பட்டோருக்கு ஒரு டிஸ்காவது பிதுங்கியிருந்ததாம். முதுகை அழுத்திப் பார்ப்பதிலும் இரண்டு டொக்டர்மாரின் முடிவு பல தடவை ஒத்துவராதாம். அப்படியானால் ஒரு படத்தை வைத்து என் வலிக்கு எப்படி அவ்வளவு உறுதியாகப் பெயர் வைத்தார்கள்?

குடும்ப டொக்டர்மாரிடம் நான் கேட்பது இதுதான். காலைத் தூக்கிப் பாருங்கள், அந்த நாலு கேள்வியையும் கேளுங்கள். காரணம் உறுதியில்லை என்றால் அதையே துண்டில் எழுதுங்கள். "டிஸ்க்" என்று எழுதிய என் துண்டு இன்னும் கடைக் கோப்பில் இருக்கிறது. அதனால் கிடங்கு வேலையும், அதற்குரிய மேலதிகச் சம்பளமும் எனக்கு நின்றுபோய்விட்டன.

இப்படிக்கு,
துணிக்கடை ஊழியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.