யுரேனியம் டீசல் அல்ல: விண்கப்பல் விளையாட்டை வடிவமைத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வடிவமைப்புக் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற மாதப் புதுப்பிப்பில் அணு எஞ்சின்களின் எரிபொருளான யுரேனியத் தண்டுகளுக்கு நீங்கள் வைத்த விலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். புகார்கள் ஏற்கெனவே வந்து குவிந்திருக்கும். எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்களுடையது சங்ககிரி லாரிக் குடும்பம். ஒவ்வொரு நடைக்கும் டீசல், சுங்கம், டிரைவர் பேட்டா, டயர்த் தேய்மானம் என்று அப்பா நீளக் கணக்கு நோட்டில் எழுதுவார். பத்தாவது படிக்கும் தம்பியும் உங்கள் விளையாட்டில் தன் சரக்குக் கப்பலுக்கு அப்படியே ஒரு நோட்டுப் போட்டிருந்தான். நான்கு மாதம் சேர்த்து ஓர் அணு எஞ்சின் வாங்கினான். புதுப்பிப்பு வந்த ஞாயிற்றுக்கிழமை, செவ்வாயிலிருந்து சீரிஸ் என்ற குறுங்கோளுக்கு ஒரே ஒரு நடை. பன்னிரண்டு யுரேனியத் தண்டுகள் காலி. வாடகையாக வந்தது 9,000, தண்டுகளுக்குப் போனது 14,400. திரும்பும் லோடு எடுக்கக் கையில் காசில்லாமல் கப்பல் அங்கேயே ஏலம் போனது. நோட்டை அப்பாவிடம் காட்டினான். அவர் இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு, "கணக்கு சரிதான். வண்டிதான் தப்பு" என்றார்.

தப்பு அங்கேதான் இருக்கிறது. அணு வெப்ப எஞ்சினில் யுரேனியம் சூட்டைத்தான் தருகிறது. அந்தச் சூட்டில் விரிந்து பின்பக்கம் பீறிட்டு வெளியேறுவது ஹைட்ரஜன், தீர்ந்துபோவதும் அதுதான். 1967 டிசம்பரில் அமெரிக்காவின் நெர்வா என்ற அணு ராக்கெட் திட்டத்தில், என்.ஆர்.எக்ஸ்-ஏ6 என்ற சோதனை அணு உலையை ஏறத்தாழ 1,100 மெகாவாட்டில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஓட்டினார்கள். வெளிவந்த ஆற்றலை வைத்து வகுத்துப் பாருங்கள்: பிளந்த யுரேனியம் சுமார் ஐம்பது கிராம். ஹைட்ரஜனோ நூறு டன்னுக்கும் மேல். ஓமலூர் வழியாக மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு வேகன் வேகனாக நிலக்கரி போவதைப் பார்த்தே பழகிய எனக்கு, அந்த ஐம்பது கிராமை நம்பவே இரண்டு நாள் ஆயிற்று.

ஆகவே கேட்பது ஒன்றுதான். யுரேனியத்தை எஞ்சின் விலையில் சேருங்கள். நடைக்கு நடை ஹைட்ரஜனுக்குக் காசு வாங்குங்கள்.

விளையாட்டு எளிதாகிவிடுமோ என்று தயங்க வேண்டாம். ஒரு கன மீட்டர் திரவ ஹைட்ரஜன் 71 கிலோதான். தொட்டி பெரிதாகும், சரக்குக்கு இடம் சுருங்கும். மைனஸ் 253 டிகிரிக் குளிர் தளர்ந்தால் ஆவியாகும். லோடுக்காகக் காத்துக்கிடக்கும் ஒவ்வொரு நாளும் நஷ்டம். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாரம் ஏற்றிப் போகிறவரைக் கேளுங்கள், பாரம் கூடினால் டீசல் எப்படிக் குடிக்கும் என்று சொல்வார். விண்கப்பலில் தூரம் கூடக் கூட, குடிக்கும் பொருளே பெரும்பாரமாகிவிடுகிறது. இந்தக் கணக்கைக் கொடுத்தால் தம்பி இரவெல்லாம் உட்கார்ந்து போடுவான்.

உங்கள் கடையில் ஐந்து தண்டுகள் 199 ரூபாய் என்று போட்டிருப்பதையும் பார்த்தேன். விலையை நீங்களே ஏற்றிவிட்டு, அதே தண்டை பள்ளிப் பிள்ளைகளிடம் நிஜப் பணத்துக்கு விற்பது எந்த ஊர் நியாயம்? பத்துக் கப்பல் வைத்திருப்பவர் தாக்குப்பிடிக்கிறார். ஒற்றைக் கப்பல்காரன்தான் ஒவ்வொரு முறையும் தெருவுக்கு வருகிறான். கோபத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்: யுரேனியம் எஞ்சின் விலையில், ஹைட்ரஜன் நடைக் கணக்கில். அந்த வாரம் ஏலம் போன கப்பல்களையும் உரியவர்களுக்கே திருப்பித் தர ஆவன செய்யுங்கள். தம்பி நோட்டில் அடுத்த பக்கத்துக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறான்.

இப்படிக்கு,
சேலத்திலிருந்து ஒரு லாரிக்காரர் மகன்