ஞாயிறு நடை: தியான் ஹொக் கெங் ஆலயம்

உறுப்பினர்களுக்கு வணக்கம். ஞாயிறு காலை 8 மணிக்குத் தெலுக் ஆயர் ரயில் நிலையத்தில் கூடுவோம்.

உயர்ந்த கட்டடங்கள் சூழ்ந்த தெலுக் ஆயர் தெரு ஒரு காலத்தில் சிங்கப்பூரின் கடற்கரை. உயிரோடு கரையேறிய ஹொக்கியன் சீனர்கள், கடல் தெய்வம் மாசூவுக்கு ஊதுபத்தி ஏற்றி நன்றி சொன்ன சிறு கோயில், 1839 முதல் 1842 வரை நடந்த திருப்பணியில் இந்த ஆலயமாக எழுந்தது. சீனப் பேரரசர் குவாங்சு 1907இல் வழங்கிய எழுத்தைத் தாங்கிய பலகையை அவசியம் பாருங்கள். மாசூவின் பிறந்தநாள் சீன நாட்காட்டியில் மூன்றாம் மாதம் 23ஆம் நாள்.

அதே தெருவில், சோழமண்டலக் கரையிலிருந்து கடல் கடந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய நாகூர் தர்காவும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஆலய வாசற்படியை மிதிக்காமல் தாண்டிச் செல்லுங்கள். வருபவர்கள் வெள்ளிக்குள் பெயர் கொடுங்கள்.